எழுதியதைக் கரையில் வாசிக்க வைத்தவர்

தலைமையேற்றிருக்கும் அருட்தந்தை கிறகரி அவர்களே, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் மௌலவி நஸார் அவர்களே, பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் பேராசிரியர்களே, முன்வரிசையில் இருக்கும் யசிந்தாவின் அண்ணன் மில்ரன் அவர்களே, அவருடைய குடும்பத்தினரே, இன்று கடலுக்குப் போகாமல் இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் வெள்ளிமுனை மக்களே, மாணவ மாணவிகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் வசந்தமலர். உயிலங்குளத்து வயல்காரக் குடும்பத்தில் பிறந்தவள். மானிடவியல் துறையில் கலாநிதி யசிந்தாவோடு ஒரே அறையில் மேசை போட்டிருந்தவள். அவர் தொடங்கிய கரையோர ஆய்வு விருதுக்குச் செயலாளராக இருப்பவள். நண்டுக்கும் சிங்க இறாலுக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று அவர் என்னை வாழ்நாள் முழுக்கக் கேலி செய்தார். அது பொய் என்று இந்த மேடையிலாவது பதிவு செய்ய விரும்புகிறேன்.

எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று சொன்னார்கள். வாசலில் கட்டியிருக்கும் பதாகையிலும் அதுதான் இருக்கிறது. மன்னிக்க வேண்டும், நான் அதைச் சொல்லப் போவதில்லை. ஈடுசெய்ய முடியாது என்று சொல்லிவிட்டால் நாங்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லை. படத்துக்கு மாலையைப் போட்டுவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். யசிந்தா அந்தச் சுகத்தை யாருக்கும் கொடுக்காத மனுஷி. நானும் இன்று உங்களுக்குக் கொடுக்கப் போவதில்லை.

யார் இந்த யசிந்தா? வெள்ளிமுனைச் சம்மாட்டியாரின் மகள். கரைவலைக்குச் சொந்தக்காரரைத்தான் இந்தக் கரையில் சம்மாட்டி என்பார்கள் என்று வயல் பக்கத்து ஆட்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். சண்டைக் காலத்தில் படித்து, வெளிநாடு போய்க் கலாநிதிப் பட்டம் வாங்கி, போன இடத்தில் தங்காமல் திரும்பி வந்தவர். வந்து அவர் முதலில் கண்டது என்ன? எங்கள் மாணவர்களின் ஆய்வேடுகளை. அட்டையில் கள ஆய்வு என்று இருக்கும். உள்ளே நூலகம்தான் இருக்கும். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஒரு ஊரில் மாதக்கணக்கில் தங்கியிருந்து ஆய்வு செய்ய, கூலி வேலை செய்கிற தாய்தகப்பனின் பிள்ளைக்கு எங்கிருந்து வசதி வரும்? பஸ்ஸுக்கு, அறைக்கு, சாப்பாட்டுக்கு யார் கொடுப்பார்கள்? மருத்துவம் படிக்கிறவருக்கு உதவ ஊரே இருக்கிறது. பொறியியல் படிக்கிறவருக்குச் சீதனத்தோடு மாமனாரே வருவார். மானிடவியல் படிக்கிற பிள்ளைக்கு யார் இருந்தார்கள்? ஒருவரும் இல்லை. அதனால்தான் அவர் விருது ஒன்றைத் தொடங்கினார்.

தொடங்கினார் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். அது அவ்வளவு இலேசாக நடக்கவில்லை. கனடாவில் இருக்கும் ஊரவர்களுக்கு அவர் தொலைபேசி எடுப்பதைப் பக்கத்து மேசையில் இருந்து நான் கேட்டிருக்கிறேன். கோயில் மணிக்குத் தருவார்கள், உதைபந்தாட்டக் கழகத்துக்குத் தருவார்கள். மானிடவியலுக்கு என்றால் அது என்ன என்று கேட்பார்கள். ஒருவர் கேட்டார், "அது என்ன பிள்ளை, டொக்டருக்குப் படிக்கிறதோ?" இவர் சொன்னார், "இல்லை அண்ணை, ஆக்களோட இருந்து ஆக்களைப் பற்றிப் படிக்கிறது." அவர் விடவில்லை. "அதுக்கு ஏன் கம்பஸ்? அதை நாங்கள் இஞ்ச சும்மா இருந்தே செய்யிறம்." யசிந்தா சிரித்துவிட்டு, "அப்ப உங்களுக்கு இது நல்லா விளங்கும், கொஞ்சம் அனுப்புங்கோ" என்றார். அந்த அண்ணன் இன்றுவரை அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

அன்பர்களே, உதவிப்பணம் கொடுக்கிற விருதுகள் உலகத்தில் ஆயிரம் இருக்கின்றன. இந்த விருதுக்கு ஒரு விதி இருக்கிறது. எழுதிய பிள்ளை, எழுதிய ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும். எழுதியதை அந்த ஊர் மக்களுக்கு முன்னால் நின்று, அவர்கள் பேசுகிற தமிழில் வாசிக்க வேண்டும். ஊர் மறுத்துப் பேசலாம், திருத்தலாம், பிழை என்று சொல்லலாம். ஊர் சொன்ன பதிலையும் ஆய்வேட்டில் சேர்த்த பிறகுதான் நடுவர்கள் அதைக் கையில் எடுப்பார்கள். வாசிப்பு இல்லாமல் விருது இல்லை.

இந்த விதி எங்கிருந்து வந்தது? புத்தகத்திலிருந்து வரவில்லை. தீவுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த ஊரவர்கள் சிலர் பின்வரிசையில் இருக்கிறார்கள், இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

விருது அறிவித்த முதல் வருடம் ஒரு மாணவர் அந்த ஊர் மீனவர்களைப் பற்றி எழுதிக் கொண்டு வந்தார். உள்ளத்தை உருக்கும் ஆய்வு. ஊரில் ஒரு குடும்பத்துக்கும் சொந்த வள்ளம் இல்லை, வலை இல்லை, எல்லோரும் கூலிக்குத்தான் கடலுக்குப் போகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதியிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. விருதை இவருக்கே கொடுப்போம் என்றேன். யசிந்தா தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "வாரும் மலர், இதைக் கொண்டுபோய் அந்தச் சனத்துக்கே வாசிச்சுக் காட்டுவம்" என்றார்.

போனோம். கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. மாணவர் வாசித்தார். ஒரு குடும்பத்துக்கும் வள்ளம் இல்லை என்ற இடம் வந்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்து வாயைப் பொத்தினார்கள். மாணவருக்குப் பின்னால் கரையில் வரிசையாக வள்ளங்கள் நிற்கின்றன. மீனவர் சங்கத் தலைவர் பெனடிக்ற் எழுந்து சொன்னார்: "தம்பி, குறை நினையாதேங்கோ. நீங்கள் வந்து கேட்டவுடன நிவாரணத்துக்குப் பதிய வந்த ஆள் எண்டு நினைச்சுப்போட்டம். ஒருத்தன் இருக்கு எண்டு சொன்னா மற்றவனெல்லாம் பொய்யனாப் போயிடுவான். அதுதான் பூசை முடிய எல்லாருமாக் கூடிக் கதைச்சு, ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லையெண்டு சொல்லுறதா முடிவெடுத்தனாங்கள்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்று நாங்களும் சிரித்தோம். அந்த மாணவர் சிரிக்கவில்லை, அழுகிற நிலையில் நின்றார். யசிந்தா அவரையும் திட்டவில்லை, ஊரையும் திட்டவில்லை. சண்டை முடிந்த பிறகு எத்தனை பேர் வந்து எத்தனை தரம் எங்களைப் பதிந்தார்கள்? பேனையோடு வருகிறவரிடம் உள்ளதைச் சொன்னால் கிடைப்பதும் கிடைக்காது என்று எங்கள் சனம் எப்படிப் பழகிப்போனது? யசிந்தா அந்தப் பிள்ளையின் தோளில் கை வைத்து, "இப்பதான் உமக்கு ஆய்வு கிடைச்சிருக்கு. ஒரு ஊர் ஏன் எல்லாருமாச் சேர்ந்து தன்னை இல்லாத ஊர் எண்டு சொல்லுது? அதை எழுதும்" என்றார். அவர் திரும்பப் போய்த் தங்கியிருந்து அதை எழுதினார். முதல் விருது அவருக்குத்தான் போனது.

அன்றைக்கு நாங்கள் வாசித்துக் காட்டாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? வள்ளமில்லாத ஊர் என்று ஒரு பொய் நூலகத்தில் உட்கார்ந்திருக்கும். அதை மேற்கோள் காட்டி இன்னொருவர் எழுதுவார், அவரை மேற்கோள் காட்டி வேறொருவர் எழுதுவார். அப்படித்தான் எங்களைப் பற்றிய எத்தனையோ பொய்கள் உண்மையாகியிருக்கின்றன.

இனி இந்த வருடத்துக்கு வருகிறேன். இதைப் பேசத்தான் மேடைக்கு வந்தேன். சிலருக்கு நான் பேசுவது பிடிக்காது. பரவாயில்லை.

இந்த வருடம் விருதுக்கு வந்த ஆய்வுகளில் முசலிப் பக்கத்து மாணவி றிம்ஷாவின் ஆய்வு முன்னுக்கு நிற்கிறது. அது வெள்ளிமுனையைப் பற்றியது. கரைவலை வளைக்கிற கடற்கரைத் துண்டைப் பாடு என்பார்கள். வெள்ளிமுனையின் பெரிய பாடு இன்று மில்ரன் அண்ணனின் பாடு. தொண்ணூறாம் ஆண்டுக்கு முன் அது ஜுனைதீன் சம்மாட்டியாரின் பாடு. யசிந்தாவின் தகப்பனார் அப்போது அவரிடம் கூலிக்கு வலை இழுத்தவர். தொண்ணூறில், சண்டைக்குள், வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது ஜுனைதீன் குடும்பமும் புத்தளம் போனது. போகிறபோது பாட்டை யசிந்தாவின் தகப்பனாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். இதுவரை யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

எப்படி ஒப்படைத்தார்? திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்கிறார் அவருடைய மகள் ஸுஹறா. ஸுஹறா திரும்பி வந்து, இன்று அதே கரையில் கருவாடு காயப்போட இடம் கேட்டு நிற்கிறார். நிரந்தரமாகவே கொடுத்துவிட்டுப் போனார் என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. கொடுத்தவரும் வாங்கியவரும் இன்று உயிரோடு இல்லை. எழுத்தில் ஒன்றும் இல்லை. றிம்ஷா ஸுஹறாவின் கதையை முழுமையாக எழுதியிருக்கிறார். மில்ரன் அண்ணன் வீட்டுக்கும் பல தடவை போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அண்ணன் சொன்னது ஒன்றுதான்: "தேத்தண்ணி குடியும் பிள்ளை. அதைத் தவிர வேற ஒண்டும் கேளாதையும்."

இந்த ஆய்வு யசிந்தாவின் கைக்கு வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். கடைசித் தாள்வரை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் நடுவரா இருக்கேலாது, மலர். இது என்ர வீட்டுக் கதை." சரி, விலகுகிறார், பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை. "ஆனா வாசிப்பு வெள்ளிமுனையிலதான் நடக்கவேணும். அந்தப் பாட்டிலயே நடக்கவேணும். நான் அண்ணையின்ர பக்கத்தில கதிரை போட்டு இருந்து கேப்பன்."

"உங்கட சனம் உங்களோட கதையாமல் விட்டா?" என்று கேட்டேன்.

"விடட்டும். நான் கம்பஸ் போனது அந்தப் பாட்டு மீன் வித்த காசில. அதுக்கு நன்றி சொல்லுறதெண்டா ஆருக்குச் சொல்லவேணும் எண்டு எனக்குத் தெரியவேணும்."

அன்பர்களே, கலாநிதி யசிந்தாவை நீங்கள் எந்தப் பட்டம் சொல்லியும் புகழலாம். எனக்கு அந்த ஒரு வசனம் போதும். மற்றவர்கள் வீட்டுக் கதையை வாசிக்க வைப்பது பெரிய காரியம் இல்லை. தன் வீட்டு முற்றத்தில் வாசிக்கச் சொல்லி, அதைக் கேட்கக் கதிரை போட்டு இருக்கத் துணிந்தவர் எங்கள் யசிந்தா!

வாசிப்புக்கு நாள் குறித்தோம். அந்த நாளுக்கு முன்னால் அவருக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலும் துறைத் தேர்வுத் தாள்களைப் பற்றித்தான் என்னிடம் பேசினார். திரும்பி வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. என் அறையில் அந்த மேசை வெறுமையாக இருக்கிறது. அதைப் பற்றி இதற்கு மேல் பேச என்னால் முடியாது.

அவரை அடக்கம் செய்த மறுநாளே பேச்சுத் தொடங்கிவிட்டது. றிம்ஷாவுக்கு விருதைக் கொடுங்கள், வாசிப்பு மட்டும் வேண்டாம் என்று. மில்ரன் அண்ணன் என்னைக் கூப்பிட்டு மரியாதையாகத்தான் கேட்டார்: "அந்தப் பிள்ளைக்குக் குடுக்கிறதைக் குடுங்கோ, நான் மறிக்கேல்ல. செத்த வீடு நடந்த இடத்தில எங்கட அப்பற்ர பேரை எடுத்து வாசிக்க வேண்டாம்." அருட்தந்தையும் இப்போதைக்கு வேண்டாம் என்றார். மௌலவியும் இப்போதைக்கு வேண்டாம் என்றார். இவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் இவ்வளவு விரைவாக ஒத்துப்போனதை நான் முன்பு கண்டதில்லை. இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள், சந்தோஷம். உங்கள் இருவருக்கும் ஊர் அமைதியாக இருக்க வேண்டும் என்ற கவலை. அந்தக் கவலை நியாயமானது.

றிம்ஷாவும் வந்தார். மூன்றாவது வரிசையில் இருக்கிறார், குனிந்துகொண்டிருக்கிறார். அவர் என்னிடம் சொன்னார்: "மிஸ், நான் என்ட பேரை எடுத்துர்றன். மையித்து வீட்டுச் சனத்துக்கு முன்னால போய் நிண்டு இந்தக் கதைய வாசிக்க என்னால ஏலா." அந்த விருது கிடைக்காவிட்டால் அவருடைய முதுகலைப் படிப்பு அத்தோடு நின்றுவிடும். அது தெரிந்துகொண்டுதான் விலகுகிறேன் என்றார்.

ஆக, எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் ஒருவரை ஒருவர் நோகடிக்காமல் இருக்கப் பார்க்கிறார்கள். விருதைக் கொடுத்துவிட்டு வாசிப்பை விட்டுவிட்டால் ஒருவருக்கும் சங்கடம் இல்லை. பிள்ளை படிக்கும், ஊர் உறங்கும். விருதுக் குழுவில் சிலருக்கும் அந்த எண்ணம் இருந்தது. நேற்றுக் கூடிப் பேசினோம். நெடுநேரம் பேசினோம். எடுத்த முடிவை இன்று இந்த மேடையில் அறிவிக்கும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

வாசிப்பு நடக்கும்.

மில்ரன் அண்ணன், கோபிக்காமல் கேளுங்கள். வாசிக்காமல் விட்டால் யாருக்கு நட்டம் என்று யோசித்தீர்களா? ஸுஹறாவின் கதை எழுதியாகிவிட்டது. அது நூலகத்துக்குப் போகும். உங்கள் கதை எங்கே இருக்கிறது? உங்கள் அப்பா அந்தப் பாட்டை எப்படி வாங்கினார், இடம்பெயர்ந்து திரும்பிய பிறகு தூர்ந்து கிடந்த கரையை எப்படித் துப்புரவாக்கினார், ஜுனைதீன் சம்மாட்டியார் போன அன்று வீட்டுக்கு வந்த அப்பா சாப்பிட்டாரா, சாப்பிடாமல் இருந்தாரா, இதையெல்லாம் யார் சொல்வார்கள்? உங்கள் தங்கை சொல்லியிருப்பார். அவரும் போய்விட்டார். இனி நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். வாசிப்பு இல்லாவிட்டால் உங்கள் அப்பா, அந்த ஏட்டில், ஒரு வார்த்தையும் பேசாத மனிதராக என்றைக்கும் நிற்பார். உங்கள் தங்கை வைத்த விதி உங்களை வெட்கப்படுத்த வைத்தது அல்ல. உங்களைப் பேச வைக்கத்தான் அதை வைத்தார்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கிறேன். விருதுக் குழு நீதிமன்றம் இல்லை. பாடு யாருக்கு என்று நாங்கள் சொல்லப் போவதில்லை, சொல்ல எங்களுக்கு உரிமையும் இல்லை. ஸுஹறாவும் வருவார். அவருக்கு முன்னால் நீங்கள் பிழை என்று சொல்லலாம், பொய் என்றும் சொல்லலாம். றிம்ஷா அதை ஒரு சொல் விடாமல் எழுதிச் சேர்ப்பார். அப்போதுதான் அது ஆய்வு. அதற்குக் கொடுத்தால்தான் அது யசிந்தாவின் விருது.

றிம்ஷா, நிமிர்ந்து பாரும். உமது விலகலைக் குழு ஏற்கவில்லை. நல்ல மனதோடு வந்து சொன்னீர், நன்றி. ஆனால் நோகும் என்று தெரிந்த இடத்திலெல்லாம் நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தத் துறை எதற்கு? யசிந்தா உம்மைத் தனியே விடப் போவதாக இருக்கவில்லை. நாங்களும் விடமாட்டோம். குழு முழுக்க அந்தக் கரையில் வந்து நிற்கும்.

இந்த மண்டபத்தில் இருக்கும் மாணவர்களுக்கும் சொல்கிறேன். இந்த விருது அடுத்த வருடமும் இருக்கும், அதற்கடுத்த வருடமும் இருக்கும். பணம் குறைந்தால் கனடாவுக்குத் தொலைபேசி எடுக்க எனக்கும் தெரியும். விருதை எங்களிடம் தாருங்கள், நாங்கள் பெரிதாக நடத்துகிறோம், இந்த ஊர் வாசிப்பை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு யசிந்தா சொன்ன பதிலையே நானும் சொல்வேன். முடியாது.

யசிந்தாவின் முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம், வெள்ளிமுனைப் பாட்டில் வாசிப்பு. இது அழைப்பு. எல்லோரும் வர வேண்டும்.

முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மில்ரன் அண்ணன் எழும்புகிறார். கொஞ்சம் பொறுங்கள், ஒலிவாங்கியை அவரிடம் கொடுக்கட்டுமா? வேண்டாம் என்கிறார். சரி, சொல்லுங்கோ அண்ணை, எனக்குக் கேக்குது.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை. அண்ணன் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "பின்னேரம் வேண்டாம். இப்ப சோளகக் காத்து. பின்னேரத்தில இழுத்து அடிக்கும், அந்தப் பிள்ளை வாசிக்கிறது ஒருத்தருக்கும் கேளாது. காலமை பூசை முடிய வையுங்கோ. கதிரை எங்கட வீட்டில இருந்து வரும்."

சரி அண்ணை. காலமை வைப்பம்.

எல்லோரும் நேரத்தை மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை, பூசை முடிந்தவுடன், வெள்ளிமுனை. வணக்கம்.